எஸ்.பி. ரோடு மாடிக் கடை: வைஃபை கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கிற இடம்

வீட்டில் எல்லாருடைய போனிலும் நெட் ஓடுகிறது, உங்கள் லேப்டாப்பில் மட்டும் வைஃபை சும்மா சும்மா கட் ஆகிறது, சர்வீஸ் சென்டரில் கேட்டால் பெரிய தொகை சொல்கிறார்கள், நீங்கள் இருப்பது பெங்களூர். அப்படியென்றால் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரை ஏன் குறைந்தது என்று பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் "நல்ல சர்வீஸ், நியாயமான விலை" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அவர் எதை முதலில் பார்த்தார், எதை அப்புறம் பார்த்தார் என்று தெரிந்துகொண்டால் சிலருக்குக் கடைக்கே போகாமல் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

எனக்கு வேலை வீட்டிலிருந்துதான், ஈஜிபுராவில். ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மாதக் கடைசியில் விபிஎன் (வீட்டிலிருந்தே கம்பெனி நெட்வொர்க்குக்குள் போகிற பாதுகாப்பான இணைப்பு) போட்டு நாள் முழுக்க உட்கார வேண்டும். நடுவில் வைஃபை போனால் விபிஎன் போகும், விபிஎன் போனால் பாதி நிரப்பின பக்கம் போகும், மறுபடி உள்ளே போக ஓடிபி வரும்வரை காத்திருக்க வேண்டும். லேப்டாப்புக்கு வாரண்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் (எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை) விண்டோஸை ரீசெட் பண்ணிப் பார்த்துவிட்டு, "வைஃபை சிப் போயிடுச்சு, மதர்போர்டு மாத்தணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். இப்போது வருகிற ஒல்லி லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபைக்குத் தனிக் கார்டு கிடையாது, சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள், அதனால் சிப் போனால் அவர்கள் முறைப்படி முழு போர்டையும்தான் மாற்றுவார்கள். அதுவரை புரிகிறது. ஆனால் சிப்தான் போயிருக்கிறது என்று எப்படி முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டேன், அதற்கு யாரிடமும் பதில் இல்லை. எப்போது கட் ஆகிறது, எந்த ரூமில் கட் ஆகிறது என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிற காசை அப்படி ஒரு அனுமானத்துக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கூட வேலை பார்க்கிறவர் சொல்லித்தான் எஸ்.பி. ரோட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெருவுக்கு வந்தேன். சிக்பேட்டிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மெட்ரோவில் இறங்கி நடக்கலாம், இரண்டும் பச்சை லைன்தான். காரில் வரவே வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. கீழே சிசிடிவி கேமராவும் கேபிள் கட்டும் விற்கிற கடை, அதை ஒட்டிக் குறுகலான படி, ஏறினால் மேலே ஒரே ஹால். நீளமான மேஜை, லென்ஸ் வைத்த விளக்கு, டப்பா டப்பாவாக ஸ்குரூ. கடைக்காரர் திருப்பத்தூர் பக்கத்து ஆள், நம்மிடம் தமிழ், பக்கத்து ஆளிடம் கன்னடம், உருதும் சரளமாக வருகிறது.

"என்னம்மா பிரச்சினை?"

"அண்ணா, வைஃபை கட் ஆயிட்டே இருக்கு."

"கட் ஆகும்போது வைஃபை சின்னம் அங்கேயே இருக்கா, இல்ல சின்னமே காணாமப் போயிடுதா? அதே இடத்துல உட்கார்ந்து போன்ல பாத்தா நெட் வருதா?"

லேப்டாப்பைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே கேட்ட கேள்விகள் இவை. இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். அதே இடம், அதே வைஃபை, போனில் நன்றாக வருகிறது என்றால் ரவுட்டரையும் நெட் கம்பெனியையும் திட்டுவதில் அர்த்தம் இல்லை, கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில்தான். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோடு வரை வரவே வேண்டாம். இதை எனக்கு முன்னால் வந்த ஒருவரிடமும் சொல்லி, காசு எதுவும் வாங்காமல் திருப்பி அனுப்பினார், நானே பார்த்தேன்.

முதல் கேள்வியும் சாதாரணமானது இல்லை. வைஃபை வேலை செய்யவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. சின்னமே இல்லை என்றால் லேப்டாப்புக்குத் தன்னுடைய வைஃபை கார்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். முதலில் ஏரோப்ளேன் மோடு கை தவறி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் வரிசையில் வைஃபை பெயர் இருக்கிறதா, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் பண்ணச் சொல்கிறார். பல லேப்டாப்புகளில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, கார்டும் மாட்டிக்கொண்ட நிலையிலேயே இருக்கலாம். இப்படிச் செய்தால் மிச்சம் இருக்கிற கரண்ட் எல்லாம் வடிந்து கார்டு புதிதாக எழுந்திருக்கும்.

இரண்டாவது வகை, வைஃபை கனெக்ட் ஆகியிருக்கிறது, ஆனால் நெட் இல்லை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டுகிற எண்) 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள், லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்துப் பாஸ்வேர்டை மறுபடி போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஐபி ஒழுங்காக இருந்து, 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்க அனுப்புகிற சின்னச் செய்தி) போய்ப் பதில் வந்து, ஆனாலும் ஒரு வெப்சைட்கூடத் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில், அதாவது சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருகிற இடத்தில். லேப்டாப்பில் தேதி தப்பாக இருந்தால்கூட சைட்டுகள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், நாம் நெட் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வகைதான் என்னுடையது. கனெக்ட் ஆகும், ஓடும், திடீரென்று கட் ஆகும், தானாகத் திரும்பி வரும். இதில்தான் ஆட்கள் அனாவசியமாகக் காசை இழக்கிறார்கள், ஏனென்றால் காரணம் டிரைவராக (விண்டோஸையும் கார்டையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கலாம், பேட்டரி மிச்சம் பிடிக்கிற செட்டிங்காக இருக்கலாம், கார்டாக இருக்கலாம், ஆன்டெனாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ரவுட்டராகக்கூட இருக்கலாம். எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும்.

என்னையே லாகின் பண்ணச் சொன்னார், பாஸ்வேர்டைக் கேட்கவில்லை, நான் அடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். விண்டோஸிலேயே வயர்லெஸ் ரிப்போர்ட் எடுக்கிற வசதி இருக்கிறது, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால் கடந்த 3 நாளில் வைஃபை எப்போது சேர்ந்தது, எப்போது விட்டது, என்ன காரணம் என்று ஒரு பக்கமாகக் காட்டும். இத்தனை நாளாக லேப்டாப்பிலேயே இருந்திருக்கிறது, சர்வீஸ் சென்டரில் யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அடாப்டருடைய பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை விண்டோஸ் அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்தார். பல பேருக்கு இதோடு கதை முடிந்துவிடுமாம். எனக்கு முடியவில்லை.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) வைத்திருக்கிறார். அதைச் சொருகி, என் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து எழுப்பினார். விண்டோஸ் இல்லாமலும் வைஃபை கட் ஆனால் கோளாறு விண்டோஸிலோ அதன் டிரைவரிலோ இல்லை, லேப்டாப்பின் உடம்பில், அதாவது ஹார்டுவேரில்தான் என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். ஃபார்மட் பண்ண வேண்டாம், என் ஃபைல்களைத் தொட வேண்டாம். கோளாறு என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே ஃபார்மட் பண்ணிவிடுகிற கடைகளுக்கு நடுவில் இப்படி ஒருவர் பொறுமையாகப் பார்ப்பது பெரிய விஷயம், மனசாரச் சொல்கிறேன்.

கடைப் பையனுடைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அவனைப் படிக்குக் கீழே போய் நிற்கச் சொன்னார். பக்கத்திலேயே இருந்தால் அரைகுறை ஆன்டெனாகூடப் பிடித்துக்கொள்ளும், தள்ளிப் போனால்தான் கோளாறு வெளியே வரும் என்றார். அந்தப் போனுக்கு நிற்காமல் பிங் ஓடவிட்டார். ஸ்கிரீன் நேராக இருந்தவரை 4 மில்லி செகண்டு, 6 மில்லி செகண்டு என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் ஸ்கிரீனை மெதுவாகப் பின்னால் சாய்த்தார். ஒரு சாய்வுக்கு மேல் 200, 700 என்று எகிறியது, அப்புறம் வரிசை எண் 41-க்கு அடுத்து 48 என்று வந்தது, நடுவில் போனதற்கெல்லாம் பதிலே இல்லை. திரும்ப நிமிர்த்தினார், மறுபடி 5, 6. நான் வீட்டில் தரையில் உட்கார்ந்து சின்ன மேஜையில் வைத்து வேலை பார்க்கிறவள், ஸ்கிரீன் எப்போதும் நன்றாகச் சாய்ந்துதான் இருக்கும். சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் நேராக வைத்துப் பார்த்திருப்பார்கள், அங்கே ஏன் சில சமயம் நன்றாக ஓடியது என்பது அப்போதுதான் விளங்கியது.

லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா கீழ்ப்பகுதியில் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்போம். நிறைய மாடல்களில் அது ஸ்கிரீனைச் சுற்றி உள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, கீல் வழியாக இறங்கி வைஃபை சிப் இருக்கிற இடத்துக்கு வருகிறது. ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் அந்த வயர் கீல் பக்கத்தில் மடிகிறது. என் எதிரிலேயே திறந்தார், முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினார், அப்புறம்தான் மற்றதைத் தொட்டார். வயரின் முனையில் இருக்கிற கனெக்டர் கடுகளவுதான் இருக்கும், அதை இடுக்கியால் நேராக மேலே தூக்கி எடுத்தார். லென்ஸுக்கு அடியில் என்னைப் பார்க்கச் சொன்னார். கறுப்பு வயரின் மேல் தோல் கீல் இருக்கிற இடத்தில் நசுங்கி உரிந்திருந்தது, உள்ளே சுற்றியிருக்கிற மெல்லிய வலைக் கம்பி பாதி அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றது. சிப் நன்றாகத்தான் இருந்தது. மதர்போர்டும் நன்றாகத்தான் இருந்தது.

அறுந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். இது சாதாரண கரண்ட் வயர் இல்லை, நடுக் கம்பியும் அதைச் சுற்றின வலையும் சரியான இடைவெளியில் இருந்தால்தான் சிக்னல் போகும், முறுக்கி ஒட்டினால் அந்த இடத்திலேயே சிக்னல் சிதறிவிடும். ஆன்டெனாவோடு சேர்த்து வயரை மாற்ற வேண்டும். புதிது அந்த மாடலுக்குக் கிடைக்காது, உடைந்த ஸ்கிரீன் ஒன்றிலிருந்து கழற்றினதுதான் கிடைக்கும், பழையது, சம்மதமா என்று நேராகக் கேட்டார். இந்த நேர்மைக்கே அரை மார்க் கூடப் போடலாம்.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் வைஃபை கார்டு வாங்க வந்தான். அவனுடையது கார்டு தனியாகக் கழற்றக்கூடிய மாடல், ஏஎம்டி பிராசசர். இன்டெல் ஏஎக்ஸ்211 வேண்டும், அதுதான் புதுசு என்று கேட்டான். கடைக்காரர் கொடுக்க மறுத்துவிட்டார். 211 கார்டில் வேலையில் பாதியை இன்டெல் பிராசசர் பக்கம்தான் செய்கிறது, அதற்கென்று வடிவமைத்த இன்டெல் மெஷினில் மட்டும்தான் ஓடும், ஏஎம்டியில் மாட்டினால் கார்டு தெரியவே தெரியாது, ஏஎக்ஸ்201-க்கும் இதே கதைதான். ஏஎக்ஸ்210 எடுத்துக்கோ, அது தன்னிச்சையாக ஓடுகிற கார்டு, வைஃபை கார்டு சொருகுகிற எம்.2 ஸ்லாட் இருந்தால் போதும், வைஃபை 6இ வரை போகும் என்றார். அதோடு, சில பழைய மாடல்களில் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற புரோகிராம்) வெளிக் கார்டை ஏற்காது, அதனால மாடல் நம்பரைக் காட்டு, பார்த்துட்டுத் தர்றேன் என்றார். ஆன்லைனில் நம்பர் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்டே மாற்ற முடியாத மெஷினில் சிப் உண்மையிலேயே போய்விட்டால் அப்போதும் போர்டு மாற்ற வேண்டியதில்லை, யுஎஸ்பியில் சொருகுகிற வைஃபை அடாப்டர் ஒன்று போட்டுக்கொண்டால் காலத்தை ஓட்டலாம், வைஃபை ஓடுகிற அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இல்லாமல் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். அவரிடமே அது விற்பனைக்கு இருந்தது, ஆனால் என் தலையில் கட்டவில்லை.

வேலை முடிந்து கொடுக்கும்போது வீட்டில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார். ஈஜிபுரா என்றதும் தலையை ஆட்டினார். எங்கள் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களாக இறங்கிக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் என்று 1, 6, 11 மூன்றைத்தான் சொல்ல முடியும், இத்தனை வீடும் அந்த மூன்றுக்குள்தான் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது பலம் குறைந்துவிடும். அதனால் ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வை, வேலை பார்க்கிற ரூமில் 5 நன்றாக எட்டினால் லேப்டாப்பை அதிலேயே நிறுத்து, எட்டவில்லை என்றால் 2.4-ஐ மூன்றில் எது காலியோ அந்தச் சேனலில் வை என்றார். வாசல் ஷூ ரேக்குக்குள் இருந்த ரவுட்டரை வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்தேன், அதற்கே நல்ல வித்தியாசம்.

இன்னொன்றும் கேட்டார், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் சொருகி வைப்பாயா என்று. வைப்பேன், பேக்கப்புக்கு. யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், இதை இன்டெல்லே 2012-ல் அளந்து வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் திக்குவதும் வைஃபை மெதுவாவதும் சில வீடுகளில் இதனால்தான். நீளமான நல்ல கேபிளாகப் போட்டு ஹார்டு டிஸ்க்கைத் தள்ளி வை, வைஃபையை 5-ல் வைத்துக்கொள், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு பண்ணாது என்றார். டிரைவர் அப்டேட் பண்ணித் தருகிறேன் என்று விளம்பரத்தில் வருகிற சாஃப்ட்வேர் எதையும் போடாதே, லேப்டாப் கம்பெனி சைட்டில் உன் மாடல் நம்பருக்கு உள்ளதை மட்டும் இறக்கு என்பதையும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

செலவு: பார்க்கிறதற்கு 300 ரூபாய், வேலை கொடுத்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்கிறார். ஆன்டெனா, வயர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,600 ஆனது. இப்போது ஸ்கிரீனை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கட் ஆகவில்லை, மாதக் கடைசி விபிஎன் வேலையை நிம்மதியாக முடித்தேன்.

அரை மார்க் குறைந்ததற்குக் காரணங்கள் இவை. போன் எடுப்பதே இல்லை, எத்தனை தடவை அடித்தாலும். சாயந்தரம் தருகிறேன் என்று சொல்லி மறுநாள்தான் கொடுத்தார், முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன். உட்கார இரண்டே ஸ்டூல், படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யாரையாவது அனுப்புவது நல்லது. சனிக்கிழமை கூட்டம் தாங்காது, ஞாயிறு கடை இல்லை, வார நாளில் காலையில் போனால் உட்கார்ந்து பேச நேரம் கொடுப்பார். லேப்டாப் இன்னும் வாரண்டியில் இருந்தால் இங்கே திறக்காதீர்கள், முதலில் கம்பெனியிடமே போய், கோளாறு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகும்போது சார்ஜரை எடுத்துப் போங்கள், விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயைப் போனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், பென் டிரைவிலிருந்து எழுப்பிவிட்டுத் திரும்பும்போது சில மெஷின்கள் அதைக் கேட்கும். எந்த ரூமில், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கட் ஆனது என்று குறித்து வைத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும். பில் கேட்டால்தான் தருவார், கேட்டு வாங்குங்கள், போட்ட பார்ட் பழையதா புதியதா, எத்தனை நாள் கேரண்டி என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.